ஓலைத் தொப்பிக்காரர்

“நீங்க பாத்தீங்களா?”

இந்த ஒரே கேள்வியால் அவர் எங்கள் தெருவில் சம்பாதித்த பகை கொஞ்சநஞ்சமில்லை. பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் டீக்கடைக்காரர், “போன மாசத்துக்கு இந்த மாசம் கிரிவலக் கூட்டம் டபுள் சார்” என்று டீயை ஆற்றிக்கொண்டே சொல்வார். இவர் கையிலிருக்கும் பேப்பரைக் கீழே வைத்துவிடுவார்.

“நீங்க பாத்தீங்களா?”

“கடைய வுட்டுட்டு நான் இன்னாத்த சார் பாக்கறது? எல்லாரும் சொல்றாங்க.”

“அப்ப, எல்லாரும் சொல்றாங்கனு சொல்லுங்க.”

அன்றைக்கு அவருக்கு டீயில் சர்க்கரை கம்மியாகத்தான் விழும். அவரும் அதைக் குடித்துவிட்டுப் போவார்.

என் மேலும் அந்தக் கேள்வி விழாத வாரம் கிடையாது. தேரடித் தெருவை ஒட்டிய சந்தில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கும்பாபிஷேக நோட்டீஸ், எப்போதாவது ஒரு புத்தகம். ஊர்க்கதை முழுக்க என் கடை வழியாகத்தான் போகும் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒருநாள் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரரின் மகள் எவனோ ஒருத்தன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகிறாள் என்று ஆரம்பித்தேன்.

“பாத்தீங்களா?”

“இல்ல சார், பூக்காரம்மா சொன்னாங்க.”

“பூக்காரம்மா பாத்தாங்களா?”

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு பேச்சுக்குக்கூட ஒன்றும் பேச முடியாது இந்த மனுஷனிடம். நாலு நாள் கழித்து அந்தப் பையன் அவளுடைய சித்தப்பா மகன் என்று தெரிந்தது. அதை நான் இவரிடம் சொல்லவில்லை, நானென்ன பைத்தியமா?

மோட்டார் பந்தயங்களைப் பற்றி எழுதியே இருபத்தெட்டு வருஷம் ஓட்டியவர் அவர். சென்னையில் ஒரு தினசரியில் வேலை. பிறந்தது இந்தப் பக்கம்தான். மனைவி போன பிறகு, ரிட்டையர் ஆகி, மகள் பெங்களூருக்குக் கூப்பிட்டும் போகாமல் இங்கே வந்துவிட்டார். ரமணாசிரமம் பக்கம் செங்கம் ரோட்டில், வெள்ளைக்காரர்கள் வாடகைக்கு இருக்கும் ஒரு வீட்டின் மாடியில் ஒரு ரூம். தாடியும் ஒல்லி உடம்பும் பனை ஓலைத் தொப்பியுமாக அவர் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, கீழ் வீட்டு வெள்ளைக்கார அம்மா ஒருவர் காலில் விழப் போனாராம். இவர் பதறிப்போய் அவரைத் தடுத்து, உங்கள் நாடு எது என்று விசாரித்து, அந்த நாட்டுப் பந்தயத் தடத்தில் மழை பெய்தால் எந்த வளைவில் வழுக்கும் என்று அரைமணி நேரம் பேசியிருக்கிறார். அந்த அம்மா அதற்குப் பிறகு மாடிப் பக்கமே வரவில்லை.

இத்தனைக்கும் அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சைக்கிள்கூடக் கிடையாது, எங்கே போனாலும் டவுன் பஸ்தான்.

வேலையைச் சொல்லி அவர் பட்ட பாடு தனி. ரேஸ் என்றால் நம் ஆட்களுக்குக் குதிரைதானே? பெண் பார்க்கப் போன மூன்று வீட்டில், ரேஸுக்குப் போகிறவனுக்குப் பெண் இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்களாம்.

“எங்க மாமனார் மட்டும் ரெண்டு ஞாயித்துக்கெழம ஆள் வெச்சுப் பாத்தாரும்மா. குதிரப் பக்கமே நான் போகலனு தெரிஞ்சப்பறம்தான் குடுத்தாரு. நல்ல மனுஷன். பாத்துட்டுக் குடுத்தாரு.”

அவருடைய முறையே வேறு. மற்ற நிருபர்கள் எல்லாம் ஏசி ரூமில் உட்கார்ந்து டிவியில் பந்தயத்தைப் பார்ப்பார்கள். இவர் முந்தின நாளே தடத்தைச் சுற்றி நடந்து ஒரு வளைவைப் பிடித்துக்கொள்வார். மறுநாள் வெயிலில் ஓலைத் தொப்பியோடு அங்கேயே நின்று, ஒவ்வொரு சுற்றிலும் யார் எப்போது பிரேக் பிடிக்கிறான், யார் உள்ளே வெட்டுகிறான் என்று ஒரு நோட்டில் எழுதுவார். நேர் ரோட்டில் எவனும் ஓட்டுவான், வளைவில்தான் ஆள் தெரியும் என்பார்.

அந்தப் பழக்கம் இங்கேயும் போகவில்லை. கூட்டமில்லாத நாட்களில் காலையில் நாஷ்டாவை முடித்துக்கொண்டு கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை பஸ்ஸைப் பிடித்துப் போய், ரோடு திரும்புகிற இடத்தில் கழுத்தில் ஸ்டாப் வாட்ச்சோடு நின்றுவிடுவார். ஷேர் ஆட்டோக்காரர்கள் ஆர்டிஓ ஆபீஸ் ஆள் என்று பயந்துபோய், அந்த இடம் வந்தால் காக்கிச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். உண்மை தெரிந்த பிறகு, “சார், இன்னிக்கு நான் எப்டி?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள். இவரும் சளைக்காமல், “வளைவுக்குள்ள போனப்பறம் பிரேக் புடிக்கிறீங்க. போறதுக்கு முன்னாடி புடிங்க” என்பார்.

என் கடைக்கு அவர் வந்தது புத்தகத்துக்காக. ‘நான் பார்த்த பந்தயங்கள்’ என்று தலைப்பு. பழைய பத்திரிகைச் செய்திக் குறிப்புகளின் பின்பக்கத்தில் குண்டுகுண்டான கையெழுத்து. தினமும் பதினோரு மணிக்கு வந்து, எனக்குப் பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். நான் அடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். படிக்கப் படிக்க எனக்கே ஆசையாகிவிட்டது. மோட்டார் பைக் என்றால் பெட்ரோல் ஊற்றுகிற சாமான் என்று மட்டும் தெரிந்த எனக்கு, யார் யாரை எந்த வளைவில் முந்தினான் என்று சோறு கிளறும்போதெல்லாம் நினைப்பு ஓடியது. ஆனால் ஒரு குறை. ஒரு இடத்தில்கூட ‘மின்னல் வேகம்’ கிடையாது.

“ஒண்ணு ரெண்டு எடத்துல போட்டுக்கலாமே சார், நல்லா இருக்கும்.”

“மின்னல் எவ்ளோ வேகத்துல போவும்னு நான் பாத்ததில்லம்மா.”

நான் வாயை மூடிக்கொண்டு அடித்தேன்.

எல்லாம் ஒழுங்காகப் போனது, பன்னிரண்டாம் அத்தியாயம் வரும்வரை. அது மட்டும் வரவில்லை. “ஆறு பக்கம் வுட்டு வைங்கம்மா, அப்பறம் தரேன்” என்றார். விட்டேன். மற்ற அத்தியாயங்கள் எல்லாம் முடிந்து, பிழை திருத்தி, அட்டைகூடத் தயார். அந்த ஆறு பக்கம் மட்டும் மொட்டையாக நிற்கிறது. ஆடி போனது, புரட்டாசி போனது, ஐப்பசி மழையும் வந்துவிட்டது. பதினாறு பக்கம் சேர்ந்தால் ஒரு ஃபாரம், ஃபாரம் ஃபாரமாகத்தான் அச்சுக்குப் போகும். நடுவில் ஆறு பக்கம் கூடக் குறைய ஆனால் பின்னால் உள்ள மொத்தமும் நகரும். பிரஸ்காரர் என்னைப் போனில் திட்டுகிறார். கார்த்திகை முகூர்த்தத்துக்குக் கல்யாணப் பத்திரிகைகள் வேறு குவிந்து கிடக்கின்றன.

அன்றைக்குக் கரண்ட் போயிருந்தது. கம்ப்யூட்டர் அணைந்து கிடந்ததில் எனக்கு வேலையும் இல்லை, பொறுமையும் இல்லை.

“சார், நீங்க இன்னிக்கு ஒரு முடிவு சொல்லுங்க. அந்த பந்தயத்த எழுதறீங்களா, இல்ல அந்த அத்தியாயத்தையே தூக்கிடட்டுமா? நீங்க பாத்த பந்தயந்தான? பாத்தத எழுத இத்தன மாசமா?”

அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். பிறகு துணிப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து மேஜையில் வைத்தார். இரண்டு பைக்குகள் ஒன்றோடொன்று உரசிச் சாய்கின்றன. பின்னால் ஒரு ஆள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அவருடைய அக்குளில் சுருட்டிய மஞ்சள் துணி.

“இவர்தாம்மா கொடி காட்டறவரு. முன்னாடி ஆபத்துன்னா மஞ்சக் கொடி ஆட்டுவாரு. அது ஆடிச்சுனா யாரும் யாரையும் முந்தக் கூடாது. பாருங்க, கொடி சுருட்டினது சுருட்டினபடி இருக்கு. ஆனா கொடி ஆடும்போது இந்த வண்டிக்காரரு முந்தினாரு, அதனாலதான் விபத்துனு நான் எழுதினேன்.”

“ஏன் சார்?”

“நான் பாக்கல.”

பதினோரு வருஷத்துக்கு முந்தின கதை அது. அந்தப் பந்தயத்தில் முதலாவதாக வந்துகொண்டிருந்தவர் நம் கீழ்பென்னாத்தூர்க்காரர். மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, போடுகிற குடும்பத்துப் பையன். நம் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒருவன் இப்படி வந்திருக்கிறானே என்று இவருக்கு அவ்வளவு பெருமை. ஆனால் வளைவில் செல்போன் சிக்னல் கிடையாது. செய்தியை அனுப்ப வேண்டுமென்றால் பிரஸ் ரூமுக்கு நடக்க வேண்டும், அன்றைக்கென்று ஆபீஸில் சீக்கிரம் கேட்டுவிட்டார்கள். எப்படியும் நம் ஆள்தான் ஜெயிக்கப் போகிறான் என்று கடைசிச் சுற்றுக்கு முன்பே கிளம்பிவிட்டார். பாதி தூரத்தில் பெரிய சத்தம். இரண்டு பேரும் விழுந்துவிட்டார்கள், நல்லவேளையாக உயிருக்கு ஒன்றுமில்லை. வேறொரு டீமின் மேனேஜர், ஒரு சுற்று பின்தங்கிய வண்டியைக் கொடி ஆடும்போது முந்திவிட்டான் என்று சொல்ல, நேரில் பார்த்த மாதிரி அப்படியே எழுதி அனுப்பிவிட்டார். அந்தப் பையனுக்கு ஒரு வருஷத் தடை விதித்தார்கள். பணம் கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனி கைவிட்டது. அதோடு அவன் பந்தயமும் போயிற்று. மூன்று வருஷம் கழித்து ஒரு போட்டோகிராபர் நண்பர் வேறு எதையோ தேடும்போது இந்தப் படம் கிடைத்திருக்கிறது. திருத்தம் போடலாம் என்று ஆசிரியரிடம் போனால், யாருக்கு ஞாபகம் இருக்கிறது, விடுங்கள் என்றாராம். இவரும் விட்டுவிட்டார்.

எனக்கு வந்ததே கோபம். என்னை, டீக்கடைக்காரரை, பூக்காரம்மாவை எல்லாம் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்த வாயா இது?

“அப்ப எங்களயெல்லாம் பாத்தீங்களா பாத்தீங்களானு கேட்டீங்களே சார், எந்த மொகத்தோட கேட்டீங்க?”

“அதுக்கப்பறந்தாம்மா கேக்கவே ஆரம்பிச்சேன்” என்றார்.

அந்த முகத்தைப் பார்த்த பிறகு மேலே கத்த முடியவில்லை. அந்த ஆள் இப்போது கீழ்பென்னாத்தூரில் பவர் டில்லர், மோட்டார் எல்லாம் ரிப்பேர் செய்கிறார் என்பதும், இவர் மூன்று தடவை பஸ் ஏறிப் போய், பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அடுத்த பஸ்ஸிலேயே திரும்பி வந்திருக்கிறார் என்பதும் அப்புறம் மெதுவாக வந்தது. அவர் வாயால் கேட்காமல் அந்த அத்தியாயத்தை எழுத மாட்டாராம். கேட்கவும் தைரியம் இல்லையாம். நன்றாயிருக்கிறது நியாயம்! மறுநாள் கடையை மூடிவிட்டு நானே கூட்டிக்கொண்டு போனேன்.

கீழ்பென்னாத்தூருக்குக் கொஞ்சம் முன்னால், ரோடு வளைகிற இடத்தில் தகரக் கொட்டகை. வாசலில் மல்லாட்டை உடைக்கிற மெஷின் ஒன்று பிரித்துப் போட்டுக் கிடந்தது. அந்த மெக்கானிக்குக்கு நாற்பது வயசு இருக்கும். தொப்பியைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்துவிட்டது. எழுந்திருக்கவில்லை.

“அக்கா, நீங்க உக்காருங்க” என்று எனக்கு மட்டும் ஒரு ஸ்டூலைத் தள்ளினார்.

சார் நின்றுகொண்டே சொன்னார். அவர் எல்லோருக்கும் ‘ங்க’ போடுகிறவர், சின்னக் குழந்தைக்கும்தான்.

“அன்னிக்கு கடைசி சுத்த நான் பாக்கலீங்க.”

மெக்கானிக்கின் கையிலிருந்த ஸ்பேனர் நின்றது. “இன்னா?”

“முந்தின சுத்துலயே கெளம்பிட்டேன், செய்தி அனுப்பணும்னு. கொடி ஆடிச்சுனு ஒருத்தரு சொன்னாரு. எழுதிட்டேன்.”

 அவர் என்னைப் பார்த்துத்தான் பேசினார். “அக்கா, விசாரணையில எனக்கு சாட்சி யாருனு கேட்டாங்க. ஒரே ஒரு ஆளத்தான் சொன்னேன். எங்க ஊர் சார், ஓலத் தொப்பி போட்டுட்டு அந்த வளைவுல நிப்பாரு, அவருக்குத் தெரியும், அவரக் கேளுங்கன்னேன். அவங்க பேப்பர எடுத்து டேபிள் மேல போட்டாங்க. அவரக் கேக்கவே வாணாம், அவரே எழுதிட்டாருன்னாங்க.” ஸ்பேனரைக் கீழே போட்டார். “பாத்துட்டே பொய் எழுதிட்டாருனு இத்தினி வருஷமா எரிஞ்சிட்டிருந்தேன். பாக்கவே இல்லியாம்!”

சார் பையிலிருந்து நோட்டை எடுத்தார். பேனா மூடியைக் கழற்றினார். “நீங்க சொல்லுங்க. நீங்க சொல்றத அப்டியே புஸ்தகத்துல எழுதறேன்.”

“நான் எதுக்கு சார் சொல்லணும்? நான் சொன்னா அது நீங்க கேட்டதாத்தான் ஆவும். பாத்தத மட்டும் எழுதுங்க.”

சொல்லிவிட்டு மோட்டார் ஒன்றை ஓடவிட்டார். அந்த இரைச்சலில் அதற்கு மேல் யாரும் பேச முடியாது. வேண்டுமென்றேதான் ஓடவிட்டார். பஸ் ஏறினோம். பஸ் ஏறினதும் ஸ்டாப் வாட்ச்சைத் தட்டி, ஊர் வர எத்தனை நிமிஷம் என்று பார்ப்பது அவர் வழக்கம். அன்றைக்கு அதைத் தொடவே இல்லை.

மறுநாள் பதினோரு மணிக்கு ஒரு துண்டுக் காகிதம் கொடுத்தார். பன்னிரண்டாம் அத்தியாயம். மொத்தமே நான்கு வரி.

‘இந்தப் பந்தயத்தின் கடைசிச் சுற்றை நான் பார்க்கவில்லை. பார்த்ததாக எழுதினேன். மஞ்சள் கொடி ஆடவில்லை என்பதைப் பிறகு ஒரு புகைப்படத்தில் பார்த்தேன். நான் எழுதியதால் ஒருவருடைய பந்தய வாழ்க்கை முடிந்தது.’

கீழே அந்தக் கீழ்பென்னாத்தூர்க்காரரின் பெயரும், அவர் அந்த விதியை மீறவில்லை என்ற ஒரு வாக்கியமும்.

“மீதி அஞ்சே முக்கால் பக்கம் சார்?”

“காலியா வுடுங்கம்மா.”

இருபத்தெட்டு வருஷ எழுத்து. அந்த நான்கு வரியைப் போட்டால் மற்ற எல்லாவற்றையும் சந்தேகமாகத்தானே பார்ப்பார்கள்? சொல்லிப் பார்த்தேன். தலையை மட்டும் ஆட்டினார். நான் பயந்தது சரியாகத்தான் போயிற்று. புத்தகம் வெளிவந்ததும் சென்னையில் அவருக்கு நடக்க இருந்த ஒரு பாராட்டு விழா சத்தமில்லாமல் நின்றது. கூட வேலை பார்த்த ஒருவர் போன் போட்டு, “உனக்கு ஏன்யா இந்த வேல, யாரு கேட்டா?” என்று கத்தியது பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது. போதாக்குறைக்கு, வாங்கினவர்கள் பக்கம் காலியாக இருக்கிறது, பிரிண்டிங் மிஸ்டேக் என்று என் கடைக்குக் கூரியரில் திருப்பி அனுப்பினார்கள். ஒவ்வொருவருக்கும் போன் செய்து, அது அப்படித்தான் என்று விளக்கம் சொல்வதே எனக்குப் பிழைப்பாகிவிட்டது.

ஒரு பிரதியைக் கீழ்பென்னாத்தூருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்ட அட்டை திரும்பி வந்தது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு தினமும் பதினோரு மணிக்கு வந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, “எதுனா வந்துச்சாம்மா?” என்பார். இல்லை சார் என்பேன். புத்தகம்தான் முடிந்துவிட்டதே, இனி ஏன் வருகிறீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர் வராத நாளில் எனக்கே கடை வெறிச்சென்று இருக்க ஆரம்பித்துவிட்டது.

தை கடைசியில் ஒருநாள் அந்த மெக்கானிக்கே வந்து நின்றார். சட்டையெல்லாம் கிரீஸ். சார் நாற்காலியில்தான் இருந்தார். அவரைப் பார்க்காமல் புத்தகத்தை என்னிடம் நீட்டினார்.

“அக்கா, இதுல காலி பக்கம் வுட்டிருந்தீங்க. ரொப்பிட்டேன்.”

பிரித்துப் பார்த்தேன். ஐந்தே முக்கால் பக்கமும் நீலப் பால்பாயிண்ட் பேனா. நாலு விளிம்பிலும் கிரீஸ் ரேகை.

“சத்தமா படிங்கக்கா.”

படித்தேன். முதல் சுற்றிலிருந்து எழுதியிருந்தார். எங்கே கியரைக் குறைத்தார், எங்கே பக்கத்து வண்டியின் சத்தம் கேட்டது, எல்லாம். சார் எழுதுகிற மாதிரியேதான் இருந்தது, ஒரு மின்னல் கிடையாது. கடைசிப் பக்கத்துக்கு வந்தேன்.

‘ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக் பிடிக்க ஒரு அடையாளம் வைத்துக்கொள்வோம். மரம், போர்டு, ரோட்டில் கறை. நகர்கிற எதையும் அடையாளமாக வைக்கக் கூடாது, முக்கியமாக ஆளை வைக்கவே கூடாது என்று முதல் நாளே சொல்லித் தருவார்கள். நான் அந்த வளைவுக்கு ஓலைத் தொப்பியை வைத்திருந்தேன். நம்ம ஊர் சார், எங்கேயும் போக மாட்டார் என்று வைத்தேன். கடைசிச் சுற்றில் வந்தேன். தொப்பி இல்லை. பக்கத்தில் எங்கேயோ நகர்ந்து நிற்கிறார் என்றுதான் நினைத்தேன், எங்கே என்று தேடினேன். பிரேக் லேட்டாகிவிட்டது. பக்கத்து வண்டி மேல் இடித்தேன். கொடி ஆடவில்லை. ஆனால் தப்பு என்னுடையது. விசாரணையில் இதை நான் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.’

 இதை ஏன் சத்தமாகப் படித்தேன் என்று இருந்தது.  சார் கேட்டாரே ஒரு கேள்வி, அவரால் மட்டும்தான் கேட்க முடியும்.

“எந்தப் பக்கம் திரும்பிப் பாத்தீங்க?”

“ரைட்ல சார். நீங்க ரைட்லதான அந்தப் பாற மேல நிப்பீங்க.”

“ஆமாங்க. பாற.”

அதைச் சொல்லிவிட்டு அழுதார். குனிந்து, மடியிலிருந்த தொப்பியை முகத்தில் வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை போலத் தேம்பி அழுதார். மெக்கானிக் என்ன செய்வதென்று தெரியாமல் கிரீஸ் கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு நின்றார்.

“நான் அங்கயே இருந்திருக்கணுங்க” என்றார் சார்.

“நான் மரத்த வெச்சிருக்கணும் சார்.” மெக்கானிக் கையை நீட்டினார். “எழுந்திரிங்க. டீ சாப்டலாம்.”

இரண்டு பேரும் போனார்கள். கடையிலிருந்து எட்டிப் பார்த்தேன். டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, மெக்கானிக் இரண்டு கையையும் ஹேண்டில்பார் பிடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டு என்னவோ காட்டிக்கொண்டிருந்தார். சார் நோட்டைத் திறக்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கு டீக்கடைக்காரர் சர்க்கரையைத் தாராளமாகத்தான் போட்டிருப்பார். அந்த மூஞ்சிகளைப் பார்த்தால் யாருக்குத்தான் மனசு வராது?

இரண்டாம் பதிப்பில் பன்னிரண்டாம் அத்தியாயம் அந்த நான்கு வரியும், அதற்குக் கீழே மெக்கானிக் எழுதியதும். ஒரு எழுத்து மாற்றவில்லை. ஆறு பக்கத்துக்குள் சரியாக அடங்கியது. அதற்குப் பிறகு யாரும் புத்தகத்தைத் திருப்பி அனுப்பவில்லை.

அந்த வருஷ மழைக்காலத்தில் சார் தூக்கத்திலேயே போய்விட்டார். ரூமைக் காலி செய்ய மகள் பெங்களூரிலிருந்து வந்திருந்தார். நோட்டுகளை என்னிடம் கொடுத்தார், ஸ்டாப் வாட்ச்சைத் தன் மகனுக்கு என்று எடுத்துக்கொண்டார். மெக்கானிக் கீழே ரோட்டிலேயே நின்றிருந்தார். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, தொப்பி என்றார். “இதுவா? இது ஓரமெல்லாம் பிஞ்சிருக்கே” என்றார் மகள். பரவாயில்லை என்று வாங்கி, பேப்பரில் சுற்றி, ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு போனார்.

அந்தத் தொப்பியை அவர் கொட்டகைக்கு எதிரே ரோட்டோரத்தில் நட்டு வைத்திருக்கிறார் என்று போன வாரம் டீக்கடைக்காரர் சொன்னார். நான் அதைப் பூக்காரம்மாவிடம் சொல்லப் போனேன். வாயைத் திறந்தேன், சொல்ல வரவில்லை. ஷட்டரை இறக்கிவிட்டுக் கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறிவிட்டேன்.

அந்த வளைவுக்குக் கொஞ்சம் முன்னால், வலது பக்கம், ஒரு இரும்புக் குழாயைச் சிமென்ட் போட்டு ஊன்றியிருக்கிறார். காற்றில் பறக்காமல் கம்பி வைத்துக் கட்டி, அதன் தலையில் ஓலைத் தொப்பி. நான் பார்த்தேன்.